வாடைக்கு முன்

ஒக்டோபர் 6, 2022

கராஜைத் திறந்தேன். பூட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டுக் கால் மணித்தியாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. காரை விற்ற பிறகு யாரும் உள்ளே போனதில்லை. இரண்டு சைக்கிள், உடைந்த ஆட்டுக்கல், தம்பியின் கிரிக்கெட் மட்டை, கால் கழன்ற கட்டில். எல்லாவற்றுக்கும் பின்னால் அப்பாவின் பெட்டி.

இன்றைக்குத் திறக்க மனம் வரவில்லை.

ஒக்டோபர் 7

திறந்தேன். எல்லாம் துரு.

ஒக்டோபர் 9

உளிகள் ஏழு. கைவாள் இரண்டு. அரங்கள், மூலைமட்டம், நூல் சுற்றியபடி தூக்குக்குண்டு. அடியில் சாக்கில் சுற்றிய சீவுளி. ஸ்டான்லி ஐந்தாம் நம்பர், 14 அங்குல நீளம், 2 அங்குல அலகு. இந்த வீட்டுக் கதவும் யன்னலும் இதன் கீழே போய் வந்தவைதான்.

2004 டிசம்பர் 26 அன்று நாங்கள் திருகோணமலையில் கடலோரம், அலஸ் தோட்டத்தில் இருந்தோம். கடல் வந்து போன மூன்றாம் நாள் அப்பா மணலைக் கிண்டி இதை எடுத்து வந்தார். பிள்ளைகளுக்கு மாற்றுடுப்பு இல்லாத நேரத்தில் இரும்பைத் தேடிப் போனாரே என்று அம்மாவுக்கு ஆத்திரம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவினார். திருகாணி திருகாணியாகக் கழற்றினார். வெயிலில் காய வைத்து எண்ணெய் பூசினார். அதற்குப் பிறகு பதினைந்து வருடம் அது கண்ணாடி மாதிரி இருந்தது. இப்போது விரலை வைத்தால் செந்நிறத் தூள் ஒட்டுகிறது.

உப்பு சும்மா கிடக்காது. காற்றில் இருக்கும் ஈரத்தைத் தன்னிடம் இழுக்கும், அந்த ஈரம் இரும்பைத் தின்னும். எங்களுக்குக் கடல் அரைக் கிலோமீற்றர்கூட இல்லை. வருடத்தில் ஆக அதிகம் மழை பெய்கிற நவம்பரும் டிசம்பரும் இனித்தான் வரப் போகின்றன. வாடை தொடங்கும் முன் இந்தக் கராஜ் காய்ந்திருக்க வேண்டும்.

ஒக்டோபர் 11

18 அடி நீளம், 10 அடி அகலம். ஷட்டர் கிழக்கே பார்த்திருக்கிறது, அதாவது காற்று வரும் பக்கம். கீழே அரை அங்குல இடைவெளி.

நேற்று இரவு சீமெந்துத் தரையில் ஒரு பொலித்தீன் துண்டை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். காலையில் அதன் அடிப்பக்கம் வேர்த்திருந்தது. மேலே வேர்த்திருந்தால் காற்றின் ஈரம், அடியில் என்றால் நிலத்திலிருந்து ஏறுகிற ஈரம். ஆகவே எந்தச் சாமானும் தரையில் இருக்கக் கூடாது.

ஒக்டோபர் 15

பாரிசவாதம் வந்த அப்பாவைப் பார்க்கக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். விடிய நாலு மணி பஸ். அப்பா என்னைக் கண்டதும் இடக்கையைத் தூக்கினார். வலக்கையில் இரண்டு விரல் அசைகிறது, சுட்டுவிரலும் நடுவிரலும். பெருவிரல் அசையவில்லை. பெருவிரல் இல்லாமல் உளியைப் பிடிக்க முடியாது என்பதைத்தான் பஸ்ஸில் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

அவரைக் கதிரையில் இருத்தியிருந்தார்கள். பையில் கொண்டுபோன அளவுநாடாவால் தரையிலிருந்து முழங்கை வரைக்கும் அளந்தேன். 26 அங்குலம். எதற்கென்று அவர் கேட்கவில்லை. பேச்சு இன்னும் தெளியவில்லை.

ஒக்டோபர் 16

நின்று வேலை செய்கிறவருக்கு மேசை 34 அங்குலம் வரை வரலாம். இருந்து செய்கிறவருக்கு?

ஒக்டோபர் 19

தம்பி ரொறன்ரோவிலிருந்து வீடியோவில் வந்தான். அவனும் தன் கராஜில்தான் நின்றான், உள்ளேயே தொப்பியும் ஜக்கெட்டும். குளிர்காலம் வருவதற்குள் சூடாக்கி பூட்டுகிறானாம். முதலில் கேஸ் சூடாக்கி வைத்திருந்தான். புகைபோக்கி இல்லாத கேஸ் எரிந்தால் கூடவே நீராவியும் வரும், அந்த நீராவி குளிர்ந்த இரும்பில் போய்ப் படியும். போன வருடம் அவனுடைய வாள்மேசை முழுக்கத் துருப் பிடித்துவிட்டது. காபன் மொனொக்சைட் நச்சுவாயு பற்றிய பயம் வேறு. இந்த முறை 240 வோல்டில் ஓடுகிற 5000 வோட் மின்சூடாக்கி, சுவருக்குள் பஞ்சு அடைப்பு. பத்துப் பாகைக்குக் கீழே போனால் மரப்பசை சரியாகப் பிடிக்காதாம்.

மைனஸ் பதினைந்தில் அவனுக்கும் துரு. இருபத்தெட்டில் எனக்கும் துரு.

"அக்கா, அங்க உனக்கு ஹீற்றர் தேவையில்லைத்தானே" என்றான். தேவைதான் என்று எனக்கு அப்போதுதான் பட்டது. ஆளுக்கு அல்ல, அலுமாரிக்கு.

ஒக்டோபர் 20

சூடாக்கினால் காற்றில் உள்ள ஈரம் குறையாது. ஆனால் சூடான காற்று இன்னும் நிறைய ஈரத்தைத் தாங்கும், அதனால் இரும்பில் படியாது. மூடிய அலுமாரி, அடியில் ஒரு பல்ப். அவ்வளவுதான்.

ஒக்டோபர் 26

வயர்மன் அண்ணை வந்தார். கராஜுக்கு மெயின் போர்டிலிருந்து தனி வயர், 13 அம்பியர் பிளக் நாலு, அதில் இரண்டு இடது பக்கம், இடுப்பு உயரத்தில். ஏன் இவ்வளவு கீழே என்று கேட்டார். இருந்துகொண்டு எட்ட வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிளக்கையும் பூட்டும் முன் தானும் ஒரு கதிரையைப் போட்டு இருந்து, இடக்கையை நீட்டிப் பார்த்துத்தான் பூட்டினார். 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் புதிது. எர்த் கம்பியையும் மாற்றினோம், பழையது மண்ணுக்குள் உக்கிப் போயிருந்தது.

கூலியில் பாதிதான் வாங்கினார். அப்பா செய்து கொடுத்த கட்டிலில்தான் தன் மூன்று பிள்ளைகளும் படுத்து வளர்ந்தார்கள் என்றார்.

ஒக்டோபர் 31

தம்பியின் பெட்டி வந்தது. கப்பலில் ஓகஸ்டில் போட்டது. ஓகஸ்டில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

உள்ளே எல்லாம் இரண்டு கைக்கான சாமான். பெரிய ட்றில், கல் மெசின், இரண்டு பிடி உள்ள மின்சீவுளி. மேலே ஒரு கடதாசி: "அப்பாவுக்கு, பிறந்தநாளுக்கு."

நவம்பர் 1

அம்மா அந்தக் கடதாசியைச் சாமித்தட்டில் வைத்திருக்கிறார்.

நவம்பர் 3

கனடா மின்சாரம் 120 வோல்ட். நம்முடையது 230. அடப்டர் மாட்டினால் பிளக்கின் வடிவம்தான் மாறும், வோல்ட் மாறாது. நேரே கொடுத்தால் மோட்டர் எரியும். 1500 வோட் இறக்குமாற்றி ஒன்றைத் தேடி மெயின் வீதி முழுக்க நடந்து, கடைசியில் மத்திய வீதியில் பழைய சாமான் கடையில் எடுத்தேன். செங்கல் அடுக்கின மாதிரிப் பாரம்.

கல் மெசின் அதில் ஓடுகிறது, ஆனால் மெதுவாக. அங்கே மின்சாரம் செக்கனுக்கு 60 சுற்று, இங்கே 50. இந்த வகை மோட்டர் அந்த எண்ணிக்கையோடுதான் ஓடும், அதனால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். உளி தீட்ட அது நல்லதுதான், அலகு சூடேறி நீலம் பாயாது. ஆனால் மோட்டர் கூடுதலாகச் சூடேறும், இடையிடையே நிறுத்த வேண்டும். ட்றிலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அது தூரிகை மோட்டர்.

நவம்பர் 8

உளிகளை வினாகிரியில் ஓர் இரவு ஊற வைத்தேன். காலையில் பல் துலக்கும் பிரஷால் தேய்க்கக் கறுப்பாகக் கழன்றது. சோடாத்தூள் கரைத்த தண்ணீரில் கழுவி, துடைத்து, வெயிலில் வைத்து, தையல் மெசின் எண்ணெய் பூசினேன். தேங்காயெண்ணெய் பூசலாமே என்றார் அம்மா. அது நாளடைவில் பிசுக்குப் பிடிக்கும்.

ஏழில் ஆறு மீண்டன. ஏழாவதில் அலகின் நுனியிலேயே குழி. தீட்டித் தீட்டிக் குழியைத் தாண்ட வேண்டும், கால் அங்குலம் போகும். போகட்டும். முக்காலங்குல உளி அது. அப்பாவின் கை எப்போதும் முதலில் போவது அதற்குத்தான்.

நவம்பர் 9

சீவுளியைத் தொடவில்லை. பயமாக இருக்கிறது.

நவம்பர் 14

மழை. நேற்று இரவு முழுக்க, இன்று பகல் முழுக்க. ஷட்டரின் கீழ் இடைவெளிக்கு றப்பர் பட்டி அடித்திருந்தேன், அது நின்றது. கூரையில் ஒரு ஆணித்துளை நிற்கவில்லை. பேணி ஒன்றை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். சொட்டு விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மூன்று மணித்தியாலம். இரண்டு மான்கள் மழைக்கு ஒதுங்கி வாசலில் வந்து நின்றன. தம்பியின் பெட்டி அட்டையை மெல்லப் பார்த்தன. விரட்டவில்லை.

நவம்பர் 17

குண்டு பல்ப் இல்லை. எந்தக் கடையிலும் எல்ஈடி. கரண்ட் குறைவு, நீடித்து உழைக்கும் என்று விளக்குகிறார்கள். எனக்கு வெளிச்சம் வேண்டாம், சூடு வேண்டும் என்று சொன்னால் விளங்கிக்கொள்கிறார்கள் இல்லை. அனுராதபுரச் சந்தியில் ஒரு கடைக்கார ஐயா மட்டும் "கோழிக் குஞ்சுக்கோ பிள்ளை?" என்று கேட்டு, உள்ளே போய்த் தூசி தட்டி ஆறு எடுத்து வந்தார். 40 வோட். ஆறையும் வாங்கினேன்.

நவம்பர் 19

அலுமாரி வெளியே: 27 பாகை, ஈரப்பதம் 88.
அலுமாரி உள்ளே, பல்ப் எரிந்து நாலு மணித்தியாலத்துக்குப் பிறகு: 35 பாகை, ஈரப்பதம் 56.

அறுபதுக்குக் கீழே. இரவு பத்துக்கும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். பன்னிரண்டுக்கும்.

நவம்பர் 20

கரண்ட் வெட்டு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். அலுமாரியைத் திறக்காமல் வைத்தேன். திரும்பக் கரண்ட் வந்தபோது 63. தாங்குகிறது. ஒரு மூலையில் கற்பூரக் கட்டியும் வைத்திருக்கிறேன், அப்பா பெட்டியில் வைப்பார்.

நவம்பர் 22

சீவுளி. பகல் முழுக்க. அடித்தட்டைக் கண்ணாடியில் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்தேன். நடுவில் மட்டும் கறுப்புத் தழும்பு போகவில்லை, 2004இன் உப்பாக இருக்கும். அலகைப் பூட்டி ஒரு பாலைப் பலகையில் தள்ளினேன். முதல் தள்ளலில் பொரித்தது. இரண்டாவதில் கிழித்தது. அலகை ஒரு மயிரளவு உள்ளே எடுத்தேன். சுருள் வந்தது. வெற்றிலை மாதிரி மெல்லியது. ஒளிக்குப் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது.

அந்தச் சுருளைக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 27

மேசை. பழைய படலைப் பலகைகள், நன்றாகக் காய்ந்தவை. உயரத்தில்தான் இரண்டு நாள் போனது. முழங்கை 26. பலகை 2 அங்குலம். அதற்குக் கீழே அவருடைய தொடை போக வேண்டும். 26 வைத்தால் தொடை இடிக்குமோ என்று 27 வைத்தேன்.

பலகையை இறுக்கிப் பிடிக்கிற அப்பப்பாவின் வைஸை இடது மூலையில் பூட்டினேன். 1957இல் வெள்ளைக்காரர் டொக்யார்டைக் கையளித்துப் போன காலத்தில் அப்பப்பா வாங்கியதாம். நடுவில் பூட்டினால் முழங்கால் அடிபடும். இடக்கையால் திருகிப் பார்த்தேன். கஷ்டம்தான், ஆனால் முடியும்.

டிசம்பர் 2

அப்பா வீட்டில்.

டிசம்பர் 4

கராஜைப் பற்றி நான் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அவர் முன் அறைக் கதிரையில் இருந்து வீதியைப் பார்க்கிறார்.

டிசம்பர் 5

கேட்கவில்லை.

டிசம்பர் 8

குளிர். இப்படி ஒரு குளிரை நான் இங்கே கண்டதில்லை. மாண்டஸ் புயல் கடலில் நிற்கிறது, வாடை ஊசி மாதிரி ஏறுகிறது. விளக்கீட்டுச் சிட்டிகள் இன்னும் வாசலில், மழைத்தண்ணி நிறைந்து. அப்பாவின் வலக்கை மடிந்து இறுகிவிட்டது. அம்மா நெருப்புச்சட்டியில் கரியோடு அறைக்குள் வந்தார். கதவையும் சாத்தப் போனார். நான் கத்திவிட்டேன். மூடின அறைக்குள் கரிநெருப்புக் கூடாது. அம்மா அழுதார். சட்டியை விறாந்தைக்குத் தூக்கிப் போனேன். பிறகு நான் அழுதேன்.

டிசம்பர் 10

வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் குளிரில் செத்துக் கிடக்கின்றன என்று செய்தி. அப்பா ரேடியோவை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

வெயில் வந்ததும் கன்னியாவுக்குக் கூட்டிப் போக வேண்டும். ஏழு கிணறும் ஏழு விதச் சூடு. சின்ன வயதில் ஒவ்வொன்றாக வாளியில் அள்ளி அவர்தான் எங்கள் தலையில் ஊற்றுவார்.

இப்போதைக்கு வெந்நீர்ப் பேசின். கையை அதில் வைத்தால் கால் மணித்தியாலத்தில் விரல் இளகுகிறது.

டிசம்பர் 11

பேசினைக் கராஜில் வைக்க ஓர் இடம் செய்தேன், மேசையின் வலது பக்கம்.

டிசம்பர் 13

விடிய ஐந்தரைக்கு எழும்பினேன். கட்டிலில் அவர் இல்லை. கராஜில் லைட் எரிந்தது. அலுமாரிக் கதவு திறந்திருந்தது, உள்ளே பல்ப் எரிந்துகொண்டிருந்தது. அவர் இடக்கையை உள்ளே நீட்டி அந்தச் சூட்டில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு முக்காலங்குல உளியை எடுத்தார். அலகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

கதிரையை இழுத்துக் கொடுத்தேன். இருந்தார். முழங்கையை மேசையில் வைத்தார். நெடுநேரம் வாயைக் கூட்டிக் கூட்டிச் சொன்னார்:

"ஒரு... அங்குலம்... கூட."

டிசம்பர் 14

கால்கள் நாலிலும் ஓர் அங்குலத்துக்குக் கோடு போட்டாயிற்று. மூலைமட்டத்தை அவர் பிடித்தார், பென்சிலை நான். மழை விட்டதும் அறுக்க