ஜி மதிப்பு 9.92 வந்தால் கைப்பேசியைத் திட்டாதீர்கள்

1.25 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு இரும்புக் குண்டை விட்டால் அரை விநாடியில் தரையைத் தொட்டுவிடும். ஸ்டாப்வாட்ச்சைக் கட்டைவிரலால் அழுத்தி இதை அளக்க முடியாது. கண் பார்த்துக் கை அசைவதற்குள்ளேயே ஏறத்தாழ 0.2 விநாடி போய்விடும். அதனால்தான் நம் ஆய்வகங்களில் காலங்காலமாக ஊசலைக் கட்டி, அலைவுகளை எண்ணி, புவியீர்ப்பு முடுக்கத்தை, அதாவது ஜி-யை, கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். கைப்பேசி இருந்தால் குண்டை விட்டே அதை அளந்துவிடலாம்.

கைப்பேசியின் மைக் பொதுவாக விநாடிக்கு 48,000 முறை ஒலியைப் பதிவு செய்கிறது. அதாவது இரண்டு பதிவுகளுக்கு நடுவே 0.02 மில்லி விநாடிதான். ஜெர்மனியின் ஆகன் நகரில் உள்ள ஆர்டபிள்யூடிஎச் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, மைக், முடுக்கமானி, சுழல்மானி (கைப்பேசி சுழலும் வேகத்தை அளப்பது) என்று கைப்பேசிக்குள் இருக்கும் உணரிகளை எல்லாம் ஆய்வகக் கருவிகளாக மாற்றித் தருகிறது. அதில் ‘அக்கூஸ்டிக் ஸ்டாப்வாட்ச்’ என்று ஒன்று உண்டு. முதல் சத்தம் கேட்டதும் ஓடத் தொடங்கும், இரண்டாவது சத்தத்தில் நிற்கும். நமக்குத் தேவை அவ்வளவுதான்.

2 செ.மீ. விட்டமுள்ள பால்ரஸ் குண்டு (பேரிங்கில் இருக்கும் எஃகு உருண்டை) ஒன்று, 30 செ.மீ. இரும்பு ஸ்கேல், ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு கரண்டி. ஸ்கேலை மேசை விளிம்புக்கு வெளியே 5 செ.மீ. நீட்டி வைத்து, மறுமுனையை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். அழுத்தாமல் விட்டால் ஸ்கேலும் குண்டோடு சேர்ந்து விழுந்து சத்தம் போடும். எந்தச் சத்தத்துக்குக் கடிகாரம் நின்றது என்றே தெரியாது. நீட்டிய நுனியில் குண்டை வைத்து, ஸ்கேலைப் பக்கவாட்டில் கரண்டியால் வெடுக்கென்று தட்ட வேண்டும். ஸ்கேல் விலகும், குண்டு விழும். தட்டிய சத்தம் தொடக்கம். கவிழ்த்து வைத்த தட்டில் குண்டு விழும் சத்தம் முடிவு. குண்டு நுனியில் நிற்காமல் உருண்டால் மேசை சாய்ந்திருக்கிறது என்று பொருள். மேசைக் காலுக்கு அடியில் தாளை மடித்து வையுங்கள். வாஷர் ஒட்டி அதில் குண்டை உட்கார வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். தட்டும்போது வாஷரின் விளிம்பு குண்டைக் கொஞ்சம் மேலே எகிற வைத்துவிடும்.

உயரம் என்பது குண்டின் அடிப்பகுதியிலிருந்து தட்டின் மேற்பரப்பு வரை. குண்டின் மையத்திலிருந்தும் அல்ல, தரை வரைக்கும் அல்ல. கொத்தனார் தூக்குக்குண்டு தொங்கவிட்டு அளந்தால் சாய்வுப் பிழை வராது. 1.25 மீட்டரில் 1 செ.மீ. தவறினால் ஜி மதிப்பு 0.8 விழுக்காடு நகரும்.

செயலியில் இரண்டு எண்களைச் சரிசெய்ய வேண்டும். ஒன்று, எவ்வளவு பெரிய சத்தத்துக்குக் கடிகாரம் ஓட வேண்டும் என்ற வரம்பு. மின்விசிறியை அணைத்துவிட்டு 0.1-இல் தொடங்குங்கள், யாரும் தட்டாமலே ஓடினால் படிப்படியாகக் கூட்டுங்கள். இன்னொன்று, முதல் சத்தத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம் செயலி காதை மூடிக்கொள்ள வேண்டும் என்ற இடைவெளி. 0.2 விநாடி வைக்கலாம். ஒவ்வொரு முறையும் விடை 0.200 என்றே வந்தால் குண்டு அதிசயம் எதுவும் செய்யவில்லை: ஸ்கேலின் அதிர்வு இன்னும் அடங்கவில்லை, இடைவெளி முடிந்த கணமே அதைக் கேட்டுக் கடிகாரம் நின்றுவிட்டது. வரம்பைக் கூட்டுங்கள், அல்லது ஸ்கேலின் மேசைப் பகுதிக்கு அடியில் ஒரு துணியை மடித்து வையுங்கள்.

இனி அந்த 9.92. கைப்பேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் வைப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர்தான் போகும் (30 டிகிரி வெப்பத்தில்). மேலே தட்டிய சத்தம் 1.25 மீட்டர் இறங்கி வர 3.6 மில்லி விநாடி ஆகிறது. குண்டு விழும் சத்தமோ உடனே கேட்டுவிடுகிறது. ஆக, கடிகாரம் தாமதமாக ஓடத் தொடங்கிச் சரியான நேரத்தில் நிற்கிறது. உண்மையில் 0.5056 விநாடி ஆக வேண்டியது 0.5020 என்று பதிவாகும். உயரத்தின் இருமடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஜி. கணக்குப் போட்டால் 9.92. கைப்பேசியை மேலே ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்தால் பிழை அப்படியே தலைகீழாகி 9.64 வரும். இரண்டு சத்தத்துக்கும் சமதூரத்தில், அதாவது பாதி உயரமுள்ள ஸ்டூல் மேல் வைத்தால் இரண்டு தாமதமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். இந்தப் பிழையை வகுப்பில் வேண்டுமென்றே வரவழைக்கலாம். மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை, நடுவில் ஒருமுறை. ஒலியின் வேகத்தையே பின்னோக்கிக் கணக்கிட வைக்கலாம்.

கரண்டி ஸ்கேலைத் தொடுவதற்கும் குண்டு ஸ்கேலை விட்டு விலகுவதற்கும் நடுவிலும் சில மில்லி விநாடி போகிறது. இதை நேரடியாக அளக்க வழியில்லை, வரைபடம் காட்டிக்கொடுக்கும். 0.50, 0.75, 1.00, 1.25, 1.50 மீட்டர் என ஐந்து உயரங்களில் தலா ஐந்து முறை அளந்து, உயரத்தின் வர்க்கமூலத்தைக் கிடை அச்சிலும் நேரத்தைச் செங்குத்து அச்சிலும் குறியுங்கள். ஒவ்வொரு உயரத்துக்கும் ஸ்டூலையும் பாதிக்கு மாற்ற வேண்டும், மறக்கக் கூடாது. கோட்டின் சாய்வு 0.452-க்குப் பக்கத்தில் வரும். 2-ஐ அந்தச் சாய்வின் வர்க்கத்தால் வகுத்தால் ஜி. கோடு செங்குத்து அச்சை எங்கே வெட்டுகிறதோ அதுதான் அந்த மாறாத தாமதம். ஒரே உயரத்தில் ஐம்பது முறை அளந்து சராசரி எடுத்தாலும் இந்தப் பிழை போகாது.

எத்தனை வரவேண்டும் என்பதிலும் ஒரு வம்பு இருக்கிறது. சென்னையில் ஜி சுமார் 9.78. ரெக்கார்டு நோட்டுகளில் எழுதப்படும் 9.81, ஆகன் போன்ற மேற்கு ஐரோப்பிய ஊர்களுக்குச் சரி. 9.78 எடுத்த மாணவனைத் திரும்பச் செய்யச் சொல்லி 9.81-க்கு ‘கொண்டுவர’ வைப்பது அநியாயம்.

பால்ரஸ் கிடைக்கவில்லை என்று டேபிள் டென்னிஸ் பந்தை எடுக்காதீர்கள். 2.7 கிராம்தான், காற்றுத் தடையால் இந்த உயரத்திலேயே விடை சுமார் 5 விழுக்காடு குறையும். கோலிக்குண்டு தாராளமாகப் போதும்.

கைப்பேசியையே ஊசலாகத் தொங்கவிட்டு அளப்பவர்களுக்கு வேறொரு பொறி. 1 மீட்டர் நீளத்துக்கு அலைவுநேரம் 2.01 விநாடி வரவேண்டும். முடுக்கமானியின் வரைபடத்தில் இரண்டு முகடுகளுக்கு நடுவே 1 விநாடிதான் இருக்கும். அதை அலைவுநேரம் என்று எடுத்தால் ஜி 39-ஐத் தொடும். ஆடும் கைப்பேசியில் முடுக்கமானி உணர்வது பெரும்பாலும் நூலின் இழுவிசையைத்தான். அந்த இழுவிசை ஊசல் அடிப்புள்ளியைக் கடக்கும்போதெல்லாம் உச்சம் தொடும், ஓர் அலைவுக்கு இரண்டு முறை. சுழல்மானியில் இந்தச் சிக்கல் இல்லை, போகும் திசைக்கு ஒரு குறியும் திரும்பும் திசைக்கு எதிர்க்குறியும் காட்டும். விலை குறைந்த பல கைப்பேசிகளில் சுழல்மானி இருப்பதில்லை. அப்போது முடுக்கமானியையே வைத்துக்கொண்டு, ஒன்று விட்டு ஒரு முகட்டை எண்ணுங்கள். நூலை ஒற்றையாகக் கட்டாமல் இரண்டாக ‘வி’ வடிவில் கட்டினால் கைப்பேசி முறுக்கிக்கொள்ளாது. வீச்சு 10 டிகிரிக்குள் இருக்கட்டும். 30 டிகிரிக்குப் போனால் அலைவுநேரம் 1.7 விழுக்காடு கூடும், ஜி அதைப்போல் இருமடங்கு விழுக்காடு குறைந்து வரும்.