ஆரணிப் பட்டின் நீலம் எங்கே ஊதாவானது

போன தீபாவளிக்கு முந்தின மாதம் ஆரணியிலிருந்து ஒரு பட்டு வியாபாரி என் கடைக்கு வந்தார். ஒரு கையில் நான் முந்தின நாள் அடித்துக் கொடுத்த புரோஷர், இன்னொரு கையில் செய்தித்தாளில் சுற்றிய புடவை. இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இன்னாம்மா இது, எம்.எஸ். ப்ளூ கேட்டா நாவப்பழம் மாதிரி வந்திருக்குது?" என்றார். எம்.எஸ். சுப்புலட்சுமி பேரில் வழங்குகிற நீலம் அது. வியாபாரி கோபப்படவில்லை. அதுவே எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் சொன்னது சரிதான். என் திரையில் நீலமாக இருந்தது தாளில் ஊதாவாகக் கிடந்தது. 170 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், இரண்டு பக்கமும் கலர், 200 பிரதி. அத்தனையும் வீண்.

வேலூர் காகிதப்பட்டறையில் சின்னதாக ஒரு டிஜிட்டல் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். பேஜ்மேக்கர் காலத்தில் டிடிபி ஆபரேட்டராக ஆரம்பித்தவள். கல்யாணப் பத்திரிகை, ஆபீஸ் லெட்டர்ஹெட், மாணவர்களின் தீசிஸ், துணிக்கடை புரோஷர் எல்லாம் வரும். பிரதி ஆயிரத்தைத் தாண்டினால் ஃபைலை மட்டும் தயார் செய்து ஆஃப்செட்டுக்கு அனுப்பிவிடுவேன். ஆக, என் கம்ப்யூட்டரிலிருந்து காலையில் டோனருக்கும் மாலையில் ஆஃப்செட் மைக்கும் நிறம் போகிறது. கலர் செட்டிங் என்பது எனக்கு அன்றாடச் சமாசாரம். அப்படியிருந்தும் இப்படி ஆனது.

அவருக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, நிறம் எந்த இடத்தில் கழன்றது என்று ஃபைலைப் பின்னாலிருந்து தேடிக்கொண்டு போனேன்.

போட்டோகிராபர் கொடுத்த படம் அடோபி ஆர்ஜிபியில், அதாவது சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒளிக் கணக்கில் இருந்தது. அதில் தப்பில்லை. அந்த மாதம்தான் என் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றியிருந்தோம். போட்டோஷாப்பின் கலர் செட்டிங் கம்பெனி வைத்த இடத்துக்கே திரும்பிப் போயிருந்தது: வட அமெரிக்கப் பொது உபயோகம், சிஎம்ஒய்கே (சையான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை) இடத்தில் யூ.எஸ். வெப் கோட்டட் ஸ்வாப். அது அமெரிக்காவில் ரோல் பேப்பரில் பத்திரிகை அடிக்கிற வெப் ஆஃப்செட்டுக்கான கணக்கு. நான் கவனிக்காமல் படத்தை அதிலேயே மாற்றிவிட்டேன். அப்புறம் பக்கம் அமைக்கிற கோரல் டிராவில் வைத்துப் பிடிஎஃப் எடுத்தபோது, எந்தக் கணக்கு என்று சொல்கிற ப்ரொஃபைலை ஒட்டாமல் எடுத்தேன். பிரிண்டரை நடத்துகிற கன்ட்ரோலரோ, ப்ரொஃபைல் இல்லாமல் எந்த சிஎம்ஒய்கே வந்தாலும் ஃபோக்ரா 39 (ஆர்ட் பேப்பரில் ஆஃப்செட் அடிக்கிற ஐரோப்பியக் கணக்கு) என்றே எடுத்துக்கொள்ளும். நான்தான் அப்படி வைத்திருந்தேன். அது ஒருமுறை மாற்றியது. போதாததற்கு முந்தின நாள் ஒரு போஸ்டருக்காக டிரைவரில் போட்ட 'விவிட்' அப்படியே இருந்தது. அது தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தியது.

ப்ரொஃபைல் இல்லாத சிஎம்ஒய்கே எண் என்ன மாதிரி என்றால், கடைக்கு அனுப்பும்போது "அரிசி ரெண்டு வாங்கி வா" என்று மட்டும் சொல்வது மாதிரி. ரெண்டு கிலோவா, ரெண்டு படியா, ரெண்டு மூட்டையா? கடைக்காரர் தனக்குத் தோன்றியதைக் கட்டிக் கொடுப்பார். சையான் 96, மெஜந்தா 88 என்பதும் வெறும் எண்தான். எந்தத் தாளில், எந்த மையில் என்று சொல்லுகிற சீட்டுதான் ஐசிசி ப்ரொஃபைல். இன்டர்நேஷனல் கலர் கன்சார்ஷியம் 1993-இல் தொடங்கியதே, ஒரு கம்பெனியின் சாஃப்ட்வேரிலிருந்து இன்னொரு கம்பெனியின் மெஷினுக்குப் போகும்போது இந்தச் சீட்டு தொலையாமல் போகவேண்டும் என்பதற்காகத்தான்.

அன்று பத்து மடங்கு லென்ஸை அந்தப் புரோஷரின் முந்தானைமேல் வைத்துப் பார்த்தேன். சையான் புள்ளியும் மெஜந்தா புள்ளியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. நடுவில் வெள்ளையே இல்லை. நீலம் ஊதாவாக அதுதான் காரணம். சையான் மை சுத்தமானது கிடையாது. அது சிவப்பைத் தடுப்பதோடு நிற்காமல் கொஞ்சம் பச்சையையும் தடுக்கும். மெஜந்தாவோ பச்சையைத் தடுப்பதற்கென்றே இருக்கிற மை. இரண்டும் சமமாகச் சேர்ந்தால் கண்ணுக்கு ஊதாதான். நீலம் நீலமாக நிற்க மெஜந்தா சையானைவிட ஒரு 30 புள்ளியாவது கீழே இருக்கவேண்டும். என் ஃபைலில் இடைவெளி வெறும் 8.

சரி, இப்போது நான் எப்படி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். போட்டோஷாப்பில் ஆர்ஜிபிக்கு எஸ்ஆர்ஜிபி, சிஎம்ஒய்கேக்கு கோட்டட் ஃபோக்ரா 39. வருகிற படத்தில் ப்ரொஃபைல் இருந்தால் அதைக் காப்பாற்றச் சொல்லியிருக்கிறேன். பொருந்தாவிட்டால் திறக்கும்போதே என்னைக் கேட்கவேண்டும். அந்தக் கேள்விப் பெட்டி தொல்லை என்று நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஐபோனில் எடுத்த படம் பெரும்பாலும் டிஸ்ப்ளே பி3-யில் வரும். அந்தப் ப்ரொஃபைல் வழியில் கழன்றுபோய் எஸ்ஆர்ஜிபி என்று திறந்தால், ஸ்ரீபுரம் தங்கக் கோயில்கூட தவிட்டு நிறத்தில் சோர்ந்து தெரியும். கோரலிலும் டூல்ஸ் மெனுவில் போய் இதே இரண்டு பெயரைத்தான் வைத்திருக்கிறேன். இரண்டு சாஃப்ட்வேரும் ஒரே பாஷை பேசவேண்டும், அவ்வளவுதான்.

அசைன் ப்ரொஃபைல், கன்வர்ட் டு ப்ரொஃபைல் என்ற இரண்டையும் என்னிடம் வேலை கற்க வருகிற பிள்ளைகள் எல்லோரும் குழப்பிக்கொள்வார்கள். அசைன் செய்தால் எண் அப்படியே இருக்கும், நிறம் மாறும். கன்வர்ட் செய்தால் நிறத்தைக் காப்பாற்ற எண் மாறும். சீட்டே இல்லாமல் வந்த படத்துக்குத்தான் அசைன். மற்ற எல்லாவற்றுக்கும் கன்வர்ட், அதுவும் ஒரே ஒரு தடவை.

அந்த ஒரு தடவையை யார் செய்வது என்பதை ஒவ்வொரு வேலைக்கும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறேன். ஆஃப்செட்டுக்குப் போகிறதா, நான் மாற்றி, ஃபோக்ரா 39 என்று குறித்து, பிடிஎஃப் எக்ஸ்-1ஏ ஆகக் கொடுக்கிறேன். அந்த வகையில் ஆர்ஜிபிக்கே இடமில்லை. என் டிஜிட்டல் மெஷினிலேயே அடிக்கிறேனா, படத்தை ப்ரொஃபைலோடு ஆர்ஜிபியாகவே விட்டு பிடிஎஃப் எக்ஸ்-4 எடுக்கிறேன். கன்ட்ரோலர் தன் டோனருக்கு ஏற்ப ஒரேயடியாக மாற்றிக்கொள்ளும். டோனரால் சில நிறத்தில் ஆஃப்செட்டைவிடக் கொஞ்சம் தூரம் போகமுடியும். முதலிலேயே ஆஃப்செட் அளவுக்குக் குறுக்கிவிட்டால் அது போச்சு.

போட்டோஷாப்பிலிருந்து நேராக பிரிண்ட் கொடுத்தாலும் இதே கதைதான். போட்டோஷாப் நிறத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று வைத்தால் டிரைவரில் கலர் கரெக்ஷனை அணைக்கவேண்டும். பிரிண்டர் பார்த்துக்கொள்ளும் என்றால் டிரைவரில் இருக்கட்டும். இரண்டும் சேர்ந்து பார்த்தால் முகமெல்லாம் செங்கல் நிறம்.

மையால் எட்டமுடியாத நிறத்தை எப்படிச் சமாளிப்பது என்று சொல்கிற செட்டிங்தான் ரெண்டரிங் இன்டென்ட். புடவைப் படத்துக்கு அதில் பெர்செப்சுவல் வைக்கிறேன். ரிலேட்டிவில் வைத்தால் மையால் எட்டமுடியாத நிறங்கள் எல்லாம் ஓரத்தில் வந்து ஒரே இடத்தில் குவியும். கொசுவத்தின் மடிப்பு மடிப்பாகத் தெரியாது, ஒரே பட்டையாகிவிடும். பெர்செப்சுவல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்கும், மடிப்பு தப்பிக்கும். லோகோவுக்கு ரிலேட்டிவ்தான், படத்தின் கறுப்பை மையின் கறுப்போடு பொருத்துகிற பிளாக் பாயின்ட் காம்பென்சேஷனோடு. ஆபீஸ்காரர்கள் கொண்டுவருகிற பார் சார்ட்டுக்கு சாச்சுரேஷன் போதும், அங்கே பளிச்சென்று இருந்தால் சரி.

கிளிப்பச்சை கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் நான் பிரிண்ட் கொடுப்பதற்கு முன்னாலேயே திரையைத் திருப்பிக் காட்டிவிடுகிறேன். போட்டோஷாப்பில் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஒய் தட்டினால், மையால் எட்டமுடியாத இடமெல்லாம் சாம்பலாகிவிடும். ஒருமுறை நிச்சயதார்த்தப் புடவை முழுசும் சாம்பலாகிப் போனதைப் பார்த்து அந்தப் பெண்ணின் அம்மா பதறிவிட்டார். "இது பிரிண்டுல வராதும்மா, ராமர் பச்சை பக்கமா கொண்டுவரலாம்" என்று சொல்லி, உட்கார்ந்து பேசி முடித்தோம். பத்திரிகை கைக்கு வந்தபிறகு இந்தப் பேச்சைப் பேசமுடியாது.

ஆபீஸ் பிரிண்டிங்கில் கறுப்புதான் பெரிய தலைவலி. வேர்டில் அடித்த கறுப்பு ஆர்ஜிபியில் மூன்று பூஜ்யம். அதைப் படத்தைப் போல ப்ரொஃபைல் வழியாக அனுப்பினால் நான்கு டோனரும் சேர்ந்த கறுப்பாக வெளியே வரும். இங்கிலீஷ் எழுத்தில் அவ்வளவாகத் தெரியாது. தமிழில் உடனே தெரிந்துவிடும். நம் எழுத்துகளுக்குச் சுழி அதிகம். 10 பாயின்டில் ஒரு 'ணை'யை லென்ஸில் பார்த்தேன். மெஜந்தா ஒரு மயிரிழை வலப்பக்கம் நகர்ந்திருந்தது. மூன்று சுழியின் வயிற்றிலும் இளஞ்சிவப்பு நிரம்பி, எழுத்தே அழுது வீங்கின கண் மாதிரி இருந்தது. டிரைவரில் 'ப்யூர் பிளாக்' என்றோ 'பிளாக் டெக்ஸ்ட்' என்றோ ஒரு பெட்டி இருக்கும். அதில் டிக் போட்டால் எழுத்து கறுப்பு டோனரில் மட்டும் விழும்.

இதில் காசும் இருக்கிறது. கலர் மெஷினில் பக்கத்துக்குப் பக்கம் கிளிக் கணக்கு. கலர் கிளிக்குக்கும் கறுப்பு கிளிக்குக்கும் நிறைய வித்தியாசம். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வேறொரு கடையில் 180 பக்கத் தீசிஸ் அடித்துவிட்டு, 22 பக்கத்தில்தான் படம், ஆனால் 180-க்கும் கலர் பில் போட்டார்கள் என்று என்னிடம் வந்து அழுதாள். பக்க எண்ணும் தலைப்பும் நாலு டோனர் கறுப்பாகப் போயிருந்திருக்கும். ஆபரேட்டர் ஒரு டிக் போட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்கு அந்தச் செலவு இல்லை. நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

பெரிய கறுப்புப் பட்டைக்கு இதற்கு நேர் எதிர். வெறும் கறுப்பு 100 மட்டும் போட்டால் ஆஃப்செட்டில் வெளுத்த சிலேட்டுப் பலகை மாதிரி இருக்கும். சையான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 போடுகிறேன், கூட்டினால் 240. ஆர்ட் பேப்பரில் மொத்த மை 300 சதவீதத்தைத் தாண்ட விடமாட்டேன். பூச்சில்லாத மேப்லித்தோ பேப்பர் மையை உறிஞ்சும், அதனால் 260 சுற்றி நிறுத்திக்கொள்கிறேன். தாண்டினால் மை காயாது, அடுக்கில் மேலே இருக்கிற தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் ஊர் வெயிலையும் சொல்லவேண்டும். கத்தரி வெயிலில் மதியம் கரண்ட் போய் ஏசி நின்றால், காலையில் அடித்த சிவப்பும் மதியம் அடிக்கிற சிவப்பும் ஒன்றாக இருக்காது. சூடும் ஈரப்பதமும் மாறினால் டோனர் தாளில் ஏறுகிற அளவு மாறும். அதனால் கடை திறந்ததும் மெஷினின் நிறத்தை அளந்து சரிசெய்கிற காலிப்ரேஷன் ஒன்று, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று. பேப்பர் ரீமை முதல் நாளே மெஷின் ரூமில் வைத்துவிடுவேன், உறையை மட்டும் கடைசியில்தான் பிரிப்பேன். மானிட்டரை அரைமணி நேரம் ஓடவிட்டுத்தான் நிறத்தைப் பார்ப்பது. வாங்கும்போது இருந்த வெளிச்சத்திலேயே விட்டால் எல்லாமே அழகாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். அளக்கிற கருவியை வைத்து வெளிச்சத்தை 100 கேண்டிலா (சதுர மீட்டருக்கு) பக்கம் இறக்கி வைத்திருக்கிறேன்.

வெளிச்சத்திலும் நிறம் மாறும். பிரிண்டைப் பார்ப்பதற்கென்று டி50, அதாவது 5000 கெல்வின் என்று ஒரு கணக்கு உண்டு. கடையின் பின்பக்கம் ஒரு மேஜைக்கு மட்டும் அந்த விளக்கைப் போட்டிருக்கிறேன். ஆனால் வாடிக்கையாளர் யாரும் அங்கே நிற்கமாட்டார்கள். தாளை எடுத்துக்கொண்டு நேரே தெருவுக்குப் போய்விடுவார்கள். அதுவும் நியாயம்தான், புடவையையே நாம் கடைவாசலில் வைத்துத்தானே வாங்குகிறோம். பட்டில் ஏறின சாயம் வேறு, தாளில் ஏறின டோனர் வேறு; டியூப்லைட்டில் ஒன்றாக இருப்பது வெளியே போனால் பிரியும். ஆகவே நானே இப்போது புரூஃபோடு வெளியே போய்விடுகிறேன், வெயிலில் இல்லை, நிழலில்.

ஆரணிக்காரர் வேலையை மறுபடி என் செலவில் அடித்தேன். படத்தை மூல ஆர்ஜிபியிலிருந்தே எடுத்து, நீலத்தில் மெஜந்தாவை 62-க்கு இறக்கி, டிரைவரில் விவிட்டை எடுத்துவிட்டு, முதலில் ஒரே ஒரு தாள். அதைக் கொண்டுபோய் எதிரே வேப்பமரத்தடியில் புடவைமேல் வைத்தோம். அவர் புடவையை ஒரு தடவை மடக்கி விரித்தார். பாவு ஒரு நிற நூல், ஊடு இன்னொரு நிற நூல் என்பதால் மடக்கும்போது பளபளப்பில் இன்னொரு நீலம் எட்டிப் பார்த்தது. "அந்த மினுக்கு வராதுண்ணா, தாள் அசையாதே" என்றேன். "அது எனக்குத் தெரியும்மா. இது அந்தப் புடவைதான்னு தெரியணும், அவ்ளோதான்" என்றவர், இன்னொரு முறை பார்த்துவிட்டு, "இதேதான், போட்டுடு" என்றார்.

அந்தத் தாளிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டேன். முதுகில் பென்சிலால் ப்ரொஃபைல், இன்டென்ட், பேப்பர், தேதி எல்லாம் எழுதி டிராயரில் வைத்தேன். இந்த வருஷ தீபாவளி புரோஷருக்கு நேற்று போன் செய்தார். முதல் வேலையாக அந்தத் தாளைத்தான் வெளியே எடுத்து வைத்திருக்கிறேன்.