ராத்திரி இரண்டு மணி

ஜூலை 18, 2025, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. அப்பா இன்றும் சரியாக இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டார். முப்பத்தெட்டு வருஷம் அந்த நேரத்துக்கு எழுந்து சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்குப் போன உடம்பு. வலது பக்கம் சொன்னபடி கேட்பதில்லை, ஆனால் இரண்டு மணி மட்டும் தவறுவதில்லை. கண்ணைத் திறந்ததும் ஜன்னலைப் பார்க்கிறார். ஆட்டோ வந்துவிட்டதா என்று பார்க்கிறாரோ என்னவோ.

பன்னிரண்டிலிருந்து நாலு வரை என் முறை. நாலுக்கு அம்மா.

கட்டிலை ஜன்னலோரம் திருப்பிப் போட்டாயிற்று. தொட்டிகளையும் வெளியே ஜன்னலடிக்குக் கொண்டுவந்துவிட்டேன். குண்டுமல்லி மூன்று, அந்திமந்தாரை, நந்தியாவட்டம், கம்பியில் ஏறியிருக்கும் ரங்கூன் மல்லி, ராத்திரி ராணி, தொங்குதொட்டியில் நிஷாகந்தி. பவளமல்லி தரையில் நிற்கிறது, நகர்த்த முடியாது. அதுவாகவே ஒரு கிளையை இந்தப் பக்கம் விட்டிருக்கிறது.

ஜூலை 19

ராத்திரி ராணியை என்ன செய்வது? பகலெல்லாம் அதற்கு வாசனையே இருக்காது. எட்டு மணிக்கு மேல் தெருமுனை வரை போகும். அப்பாவுக்கு நெஞ்சில் சளி. நேற்று மூன்று மணிக்கு ஆரம்பித்த இருமல் அரை மணி நேரம் நிற்கவில்லை. பூவாலா? சளியாலா? சாயங்காலம் கொடுத்த ராகிக் கூழ் புரையேறியிருந்ததா? அந்த வாசனை சிலருக்குத் தலைவலியும் மூச்சுத்திணறலும் கொடுக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எப்படி ஜன்னலோரம் வைத்தேன்? காலையில் தொட்டியைத் தூக்கி மொட்டை மாடியின் வடக்கு மூலையில் வைத்தேன். இப்போது படுத்துக்கொண்டு யோசிக்கிறேன், ராத்திரியில் காற்று மலையிலிருந்துதான் இறங்குகிறது. வடக்கு மூலையில் வைத்தால் நேராக வீட்டுக்கு மேலேயே வரும்.

ஜூலை 20

தெற்கு மூலைக்கு மாற்றினேன். இருமல் இல்லை.

ஜூலை 22

அத்தை அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வந்திருந்தார். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம் வெளியே வந்து தொட்டிகளைப் பார்த்தார். "ஏங்கண்ணு, இத்தனை வாசப் பூவ வாசல்ல வெச்சா பாம்பு வராம என்ன பண்ணும்?"

பாம்பு பூவின் வாசனைக்கு வருவதில்லை. பூவுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரலாம். இதைச் சொன்னேன். "கடைசில வருதுல்ல" என்றார் அத்தை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. படியோரம் கிடந்த செங்கல் குவியலை எடுத்துப் போட்டேன். நந்தியாவட்டத்தடியில் இருக்கும் சருகை மட்டும் எடுக்கவில்லை. அது வேண்டும்.

ஜூலை 24, ஆடி அமாவாசை

நல்ல இருட்டாக இருந்திருக்க வேண்டும். எதிர்வீட்டில் போன வாரம் மாட்டிய ஃப்ளட் லைட் எங்கள் ஜன்னல் வரைக்கும் அடிக்கிறது. அந்தக் கம்பத்தைச் சுற்றி விட்டில்கள் நூறு இருக்கும். சுற்றிச் சுற்றிக் கீழே விழுகின்றன, மறுபடி எழுகின்றன. இங்கே ரங்கூன் மல்லி கொத்துக் கொத்தாகத் திறந்து கிடக்கிறது, ஒன்றுகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.

இரவில் அடர் நிறம் எடுபடாது. அதனால்தான் இந்தப் பூக்களில் பாதிக்கு மேல் வெள்ளை. நட்சத்திர வெளிச்சம் இருந்தால் போதும், வெள்ளை தெரியும். தூரத்தில் இருப்பவனைக் கூப்பிட வாசனை, கிட்டே வந்தவனுக்கு வழி காட்ட வெள்ளை. பகலில் வாசனையைச் செலவு செய்தால் ஆள் வரப்போவதில்லை என்று செடிக்குத் தெரிந்திருக்கிறது. இவ்வளவு கணக்குப் போட்டுத் திறக்கிற பூவை ஒரு விளக்கு ஒன்றுமில்லாமல் செய்துவிடுகிறது. எனக்கு அழுகை வந்தது. விளக்குக்காக மட்டும் இல்லை.

ஜூலை 25

காலையில் எதிர்வீட்டு அண்ணனிடம் கேட்டேன். திருட்டுப் பயம் என்றார். அப்பா ராத்திரியில் கண் கூசித் தூங்குவதில்லை என்றேன். அது பொய். உடனே, "முன்னாடியே சொல்லக்கூடாதா சாமி, பத்து மணிக்கு மேல அணைச்சிடறேன்" என்றார்.

பொய் சொன்னது உறுத்துகிறது. நாளைக்குப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும்.

நந்தியாவட்டத்தில் மூன்று விட்டில் புழுக்கள். என் நடுவிரல் நீளம், பச்சை. தலைப்பக்கம் இரண்டு நீலக் கண்கள் மாதிரிப் புள்ளி. தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அந்தப் பொய்க் கண்ணால் முறைக்கும். அரளியும் இவற்றுக்குச் சாப்பாடுதான். அந்தப் பாலில் இருக்கும் விஷம் இவற்றை ஒன்றும் செய்வதில்லை. பனமரத்துப்பட்டி அரளிக்காரர்கள் இந்தப் புழுவைத் திட்டிக்கொண்டேதான் அப்பாவின் கடைக்குக் கூடை இறக்குவார்கள்.

செல்போனில் படம் எடுத்து அப்பாவிடம் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். வாய் கோணி, கோணி, "ம... மருந்து" என்றார்.

நாற்பத்தோரு நாளில் முழுசாக வந்த முதல் சொல். ஓடிப்போய் ராத்திரி மாத்திரையைப் பொடித்துக் கலக்கிக்கொண்டு வந்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். இடது கையால் டம்ளரைத் தள்ளிவிட்டார். "மருந்து" என்று மறுபடி, கோபமாக. எனக்குப் புரிய இன்னும் ஐந்து நிமிஷம் ஆயிற்று. அவர் செல்போனைக் காட்டிக்கொண்டிருந்தார். புழுவுக்கு மருந்தடி என்கிறார்.

அடிக்க மாட்டேன் அப்பா என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூலை 28

ஸ்கேனுக்குக் காத்திருந்தது மூன்றரை மணி நேரம். நாற்காலியில் உட்கார்ந்து படித்தது: மடகாஸ்கரில் ஒரு வெள்ளை ஆர்க்கிட், அதன் தேன் ஓர் அடி நீளக் குழலின் அடியில் இருக்கும். 1862இல் டார்வின், இந்தப் பூ இருந்தால் இதற்கேற்ற நீளமான உறிஞ்சுகுழலோடு ஒரு விட்டிலும் இருந்தே தீரும் என்று எழுதினார். அந்த விட்டிலுக்குப் பெயர் வைத்தது 1903இல். டார்வின் 1882லேயே போய்விட்டார்.

ஏற்காட்டு ஆர்க்கிட் தோட்டத்துக்குச் சின்ன வயதில் அப்பா ஒரே ஒரு முறை கூட்டிப்போயிருக்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கொண்டே போனோம். ஆர்க்கிட்டைப் பார்த்து, "இது எத்தன நாள் வாடாம இருக்கும்?" என்று கேட்டார்.

ரிப்போர்ட் நாளைக்கு.

ஜூலை 29

ரிப்போர்ட் வந்தது. இன்றைக்கு எழுதவில்லை.

ஜூலை 30

புழுக்களில் பெரியது பச்சை மாறிப் பழுப்பாகிவிட்டது. செடியை விட்டு இறங்கி அவசரமாக நடக்கிறது. சருகுக்குள் போய்க் கூடாகும் நேரம். பிளாஸ்டிக் டப்பாவில் மண்ணும் சருகும் போட்டு அதில் விட்டேன், மேலே வலை கட்டினேன். மற்ற இரண்டைக் காணோம். கொண்டைக்குருவி கொண்டுபோயிருக்கும், அல்லது அவையும் இறங்கிவிட்டன. சருகைக் கிளறிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

மார்க்கெட்டில் இன்று மல்லி விலை ஏறியிருக்கும். அப்பாவிடம் சொன்னேன். கண் அசைந்தது.

அவர் தொழிலில் மலர்ந்த பூவுக்கு விலை கிடையாது. விடிவதற்கு முன் மொட்டாகப் பறித்து, மொட்டாகக் கூடையில் வந்து, மொட்டாகத் தராசில் ஏறி, மொட்டாகக் கட்டிப் போகவேண்டும். சாயங்காலம் யாரோ ஒருத்தியின் தலையில்தான் அது திறக்கும். கூடையில் நாலு பூ விரிந்திருந்தால் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். ஏழு மணிக்கெல்லாம் அப்பா தூங்கிவிடுவார், இரண்டு மணிக்கு எழ வேண்டுமே. ஆயிரக்கணக்கான கிலோ மல்லி விற்றவர், செடியில் அது திறப்பதை உட்கார்ந்து பார்த்திருக்கவே மாட்டார். இதை நேற்றுதான் நினைத்தேன். நினைத்ததிலிருந்து குண்டுமல்லித் தொட்டியில் ஒரு மொட்டும் பறிப்பதில்லை. அம்மா சாமிக்குக்கூடக் கடையில் வாங்கிக்கொள்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6

கொசு மருந்துப் புகை அடித்துவிட்டுப் போனார்கள். வேண்டியதுதான், ஏரிப் பக்கம் காய்ச்சல் இருக்கிறது. ஆனாலும் ராத்திரி முழுக்கத் தொட்டிகளில் எதுவும் வரவில்லை. டப்பாவை வீட்டுக்குள் எடுத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 7

மறுபடி இருமல். தெற்கு மூலையிலிருந்துமா வருகிறது? மாடிக்குப் போய் முகர்ந்து பார்த்தேன், கீழே வந்து முகர்ந்து பார்த்தேன். என் மூக்கை நம்ப முடியவில்லை, எங்கே போனாலும் அதே வாசனை. மூன்று மணிக்குத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருக்கோடிக் காலி மனையில் வைத்துவிட்டு வந்தேன். நாய் குரைத்தது.

ஆகஸ்ட் 9

பௌர்ணமி. இருமல் இல்லை. பவளமல்லி இரண்டாவது நாளாகப் பூத்திருக்கிறது. விடிகாலையில் உதிர்ந்ததை ஒரு தட்டில் அள்ளி அப்பாவின் நெஞ்சின் மேல் வைத்தேன். இடது கையால் ஒன்றை எடுத்துக் காம்பின் காவி நிறத்தை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

ஆகஸ்ட் 12

வந்துவிட்டது.

டப்பாவின் வலையில் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டை விட்டு எப்போது வந்ததென்று தெரியவில்லை, இறக்கை முழுசாக விரிந்து காய்ந்திருந்தது. பச்சையில் எத்தனை பச்சை உண்டோ அத்தனையும், நடுவில் வெள்ளையும் இளஞ்சிவப்பும், பளிங்குக் கல் மாதிரி. ராத்திரி ஒன்றரைக்கு எதிர்வீட்டு விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வலையை அவிழ்த்தேன். இறக்கையை நடுக்கிக்கொண்டே இருந்தது, உடம்பைச் சூடாக்கிக்கொள்கிறது. அப்புறம் இல்லை. போன திசைகூடத் தெரியவில்லை.

அப்பா பார்த்தார். அவர் மருந்தடிக்கச் சொன்ன புழு என்று சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை.

நிஷாகந்தியின் இலை ஓரத்தில் மிளகு அளவுக்குச் சிவப்பாக ஒன்று. மொட்டுதான்.

ஆகஸ்ட் 13

பிசியோ வரவில்லை.

ஆகஸ்ட் 19

2.20 மணி. மறக்கக்கூடாது, இப்போதே எழுதுகிறேன்.

முதலில் சத்தம். விசிறி மாதிரி, அதைவிட மெல்லிசாக. கொசுவலை அடித்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரங்கூன் மல்லிக் கொத்துக்கு முன்னால் ஏதோ ஒன்று காற்றில் நிற்கிறது. உட்காரவில்லை. இறக்கை கண்ணில் படவேயில்லை, வெறும் புகை. சுருட்டி வைத்திருந்த குழலை நீட்டிப் பூவின் நீளக் காம்புக்குள் விட்டு, எடுத்து, அடுத்த பூ. இந்தக் கொடியில் முதல் ராத்திரி வெள்ளை, மறுநாள் இளஞ்சிவப்பு, அப்புறம் சிவப்பு. சிவப்பானவற்றின் பக்கமே அது போகவில்லை. வெள்ளை, வெள்ளை, வெள்ளை. பிறகு அந்திமந்தாரை. குண்டுமல்லியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

நான் விட்டது இல்லை, இது சாம்பல் நிறம். இருக்கட்டும்.

டக், டக் என்று சத்தம். அப்பா இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுகிறார். எதற்காவது கூப்பிடுகிறார் என்று நினைத்துத் திரும்பினேன். என்னைப் பார்க்கவில்லை. அது ஒரு பூவை விட்டு அடுத்த பூவுக்குப் போகும்போது ஒரு தட்டு. எண்ணுகிறார். கூடை இறக்கும்போது எண்ணுவது மாதிரி, ஒன்று விடாமல்.

போன பிறகு, எத்தனை அப்பா என்று கேட்டேன். நான் பதினேழு எண்ணியிருந்தேன். அவர் விரலை மடக்கி மடக்கிக் காட்டினார். பத்தொன்பது.

அவர் கணக்குதான் சரியாக இருக்கும்.

ஆகஸ்ட் 20

காய்ச்சல். 102.

ஆகஸ்ட் 21

ஆம்புலன்ஸ்.

ஆகஸ்ட் 31

வீட்டுக்கு வந்துவிட்டோம். பத்து நாள் தண்ணீர் ஊற்றியது எதிர்வீட்டு அண்ணன். காலி மனையில் இருந்த ராத்திரி ராணிக்கும் ஊற்றியிருக்கிறார், அது எங்களுடையது என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. விளக்கு விஷயத்தில் சொன்ன பொய்யை இன்று சொல்லிவிட்டேன். "பூச்சிக்காகவா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். ராத்திரி ஒன்பதுக்கே அணைத்துவிட்டார்.

அப்பா இரண்டு மணிக்கு எழவில்லை. நாலு வரை அவர் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 2

எழவில்லை.

செப்டம்பர் 4

இரண்டு மணி ஐந்து நிமிஷம். கண்ணைத் திறந்தார். ஜன்னலைப் பார்த்தார்.

நிஷாகந்தி மொட்டு ஒரு ஜாண் தொங்குகிறது.

செப்டம்பர் 6

மொட்டு கழுத்தை வளைத்து மேலே பார்க்க ஆரம்பித்துவிட்டது. நாளைக்குத் திறக்கும். ஒரே ராத்திரிதான், விடிவதற்குள் துவண்டுவிடும். நாளைக்குச் சந்திர கிரகணம் என்கிறார் அம்மா. பத்து மணிக்குப் பிடித்து ஒன்றரைக்கு விடுமாம். அதுவரை ஜன்னலைத் திறக்கக்கூடாது, நோயாளி இருக்கும் வீடு என்கிறார். நான் வாதாடவில்லை. இந்த மூன்று மாதத்தில் அம்மா என்னிடம் எதையும் கேட்டதில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

9.40. மொட்டின் நுனி விட்டிருக்கிறது. உள்ளே வெள்ளை தெரிகிறது.

9.50. அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டார். தொங்குதொட்டியைக் கழற்றி உள்ளே கொண்டுவந்துவிடலாமா என்று நினைத்தேன். உள்ளே வந்தால் விட்டில் எப்படி வரும்? வெளியிலேயே இருக்கட்டும்.

10.30. சாத்திய ஜன்னலுக்குள்ளும் வாசனை வந்துவிட்டது. அப்பா விழித்திருக்கிறார். கம்பியைத் தட்டுகிறார். அம்மா என்னைப் பார்க்கிறார்.