சேற்றுக்குள் ஒரு ஒயர்

மொட்டை மாடியில் இரண்டு பக்கெட் வைத்திருக்கிறேன். இரண்டிலும் எங்கள் ஊர் ஏரியின் கருஞ்சேறு நாலு விரல் உயரத்துக்கு, அதன்மேல் ஒரு சாண் தண்ணீர். சேற்றுக்குள் உள்ளங்கை அளவு கார்பன் ஃபெல்ட் (மின்சாரம் கடத்தும் கரித்துணி) ஒன்றைப் புதைத்து, இன்னொன்றைத் தண்ணீரில் தொங்கவிட்டிருக்கிறேன். ஒரு பக்கெட்டில் மட்டும் இரண்டு ஃபெல்ட்டையும் ஒயரால் இணைத்து, நடுவில் 1000 ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கிறேன்.

ஏரிக்குச் சாக்கடை வருவது நின்று மூன்று வருடம் ஆகிறது. ஆனாலும் கோடையில் தண்ணீர் பச்சைப் பெயின்ட் மாதிரி ஆகிவிடுகிறது. காரணம் அடிச்சேறு. இத்தனை காலம் வந்து சேர்ந்த பாஸ்பரஸ், பாஸ்பேட்டாக இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு அங்கே கிடக்கிறது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியாக்கள் அந்தத் துருவை வைத்தே சுவாசிக்கும். துரு கரையும், பாஸ்பேட் கழன்று மேலே வரும். தண்ணீரைப் பச்சையாக்கும் பாசிக்கு அதுதான் உரம். இங்கிலாந்து ஏரிகளை ஆராய்ந்த மோர்டிமர் 1941லேயே இதை எழுதியிருக்கிறார்.

புதைத்த ஃபெல்ட் அந்தப் பாக்டீரியாக்களுக்குச் சுவாசிக்க இன்னொரு வழி. ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் எலக்ட்ரான்களை அதில் இறக்கிவிடும். அந்த எலக்ட்ரான்கள் ஒயர் வழியே ஏறி, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் சேரும். ஃபெல்ட்டைச் சுற்றி இரும்பு துருவாகவே நிற்கும், பாஸ்பேட்டும் அதைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்.

முதல் வாரம் மல்டிமீட்டர் அசையவே இல்லை. மூன்றாம் வாரம் 0.3 வோல்ட். திடீரென்று ஒருநாள் இறங்கிவிட்டது. தோண்டிப் பார்த்தால் இணைப்பில் தண்ணீர் புகுந்து செம்பு பச்சை பூத்திருந்தது. எம்-சீல் வைத்து அடைத்ததும் பழையபடி ஏறியது. 1000 ஓமில் அது 0.3 மில்லியாம்பியர்தான், ஒரு எல்.இ.டி. கூட எரியாது. எனக்கு வேண்டியது மின்சாரம் இல்லை.

நேற்று இரண்டு தண்ணீரையும் வடிகட்டி பாஸ்பேட் கிட்டில் சோதித்தேன்; நீலம் அடர்ந்தால் பாஸ்பேட் அதிகம். பத்து நிமிடத்தில், ஒயர் இணைக்காத பக்கெட்டின் சோதனைக் குழாய் சொட்டு நீலம் விட்டது போல அடர்ந்துவிட்டது. மற்றது வெளிறிய நீலத்தோடு நின்றது. வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏரி முழுக்க ஃபெல்ட் விரிக்க முடியாது. வற்றும் ஏரி என்றால் தூர் வாரி வண்டலை வயலுக்கு அடிப்பதுதான் நல்லது, பாஸ்பரஸ் பயிருக்காவது போகும். நான் நினைப்பது வற்றாத தெப்பக்குளங்களை. அதற்கு முன்னால், ஒரே ஒரு ஜோடி பக்கெட்டை நம்பி எதுவும் சொல்லக் கூடாது. இன்னும் நாலு வாங்கி வந்திருக்கிறேன். ஞாயிறு காலை சேறு எடுக்கப் போகிறேன்.