82 மில்லிமீட்டர்ல வந்து நின்ன தேடல்

அஞ்சு நாள் பனிமலை ட்ரிப் முடிச்சிட்டு வந்தாச்சு, மலை, போட்டோ பத்தியெல்லாம் தனியா எழுதறேன், இந்தப் பதிவு முழுக்க பனியில சறுக்கறதுக்குக் கால்ல மாட்டிக்கிற ஸ்கீ பலகை பத்தி மட்டும்தான். மூணு சீசனா வாடகைக்கு எடுத்தே ஓட்டிட்டு இருந்தேன், இந்த தடவை சொந்தமா ஒரு ஜோடி வாங்கிடணும்னு முடிவு பண்ணி, அதுக்கு முன்னாடி தினம் ஒண்ணு டெமோ எடுத்துப் பார்த்தேன். என் லெவல் என்னன்னா, ரெண்டு ஸ்கீயையும் இணையா வச்சுத் திரும்பத் தெரியும், மிதமான சரிவுல பயமில்லாம இறங்கிடுவேன், ஆனா செங்குத்தாவோ ஐஸாவோ ஆயிட்டா உடம்பு தானா பின்னாடி சாயும். உயரம் 175 செ.மீ., எடை 78 கிலோ.

முதல் நாள் 180 செ.மீ. நீளம், இடுப்பு 100 மி.மீ. உள்ளதைக் கேட்டு வாங்கினேன். இடுப்புன்னா பூட் நிக்குற இடத்துல ஸ்கீயோட அகலம், ஸ்கீ வாங்கறவங்க முதல்ல பார்க்க வேண்டிய நம்பர் அதுதான்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. ராத்திரி மெஷின் சீவி விட்டு, உறைஞ்சு கல்லு மாதிரி கிடந்த பனியில அந்த அகல ஸ்கீயை ஒரு ஓரத்துலேர்ந்து இன்னொரு ஓரத்துக்குச் சாய்க்கறதுக்குள்ள திருப்பமே முடிஞ்சு போயிடுது, எட்ஜ், அதாவது பனியைக் கடிக்கற ஸ்கீயோட ஓர விளிம்பு, வேற பாதத்தோட நடுவுலேர்ந்து தள்ளி இருக்கறதால அதைப் பிடிச்சு நிறுத்துற பாரமெல்லாம் முட்டிக்குத்தான் போகுது, மதியத்துக்குள்ள முட்டியோட உள்பக்கம் வலி எடுத்துடுச்சு.

அன்னைக்கு மலை மேல ஏத்திட்டுப் போற லிஃப்ட்ல பக்கத்துல உக்காந்த ஒரு பெரியவர் இன்னும் நீளமா எடு, கையைத் தூக்கினா எட்டுற அளவு இருக்கணும்னார். அவர் கத்துக்கிட்ட காலத்துக்கு அது சரிதான், அப்போ ஸ்கீயெல்லாம் கிட்டத்தட்ட நேரா, 2 மீட்டரும் அதுக்கு மேலயும் கூட இருந்துச்சு. 1993ல ஸ்லோவேனியாவோட எலான் கம்பெனி எஸ்சிஎக்ஸ்னு நடுவுல நல்லா ஒடுங்கின மாடலைக் கொண்டு வந்தது, அதுக்கப்புறம் வரிசையா எல்லாரும் அந்த வடிவத்துக்கு மாற, நீளமும் குறைஞ்சிடுச்சு. இப்போ நம்மள மாதிரி நடு லெவல் ஆளுக்கு மோவாய்க்கும் மூக்குக்கும் இடையில வந்தா போதும். ஆனா உயரத்தை விட எடையைப் பாருங்க, ஸ்கீயை வளைக்கறது நம்ம எடைதான். 60 கிலோ இருக்கற ஒருத்தர் ஆண்களுக்குன்னு விக்கிற விறைப்பான ஸ்கீயை எடுத்தா அது வளையவே வளையாது, அவர் கூச்சப்படாம சுலபமா வளையறதையே எடுக்கலாம், பெண்களுக்கான மாடலா இருந்தாலும் பரவால்ல.

ரெண்டாம் நாள் 165 செ.மீ., இடுப்பு 72. காலையில நினைச்ச இடத்துல திரும்புச்சு, சந்தோஷமா இருந்துச்சு, ஆனா கொஞ்சம் வேகம் எடுத்ததுமே முனை படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுது, மதியம் வெயில்ல பனி இளகி குவியல் குவியலா ஆனதும் ஒவ்வொரு குவியல்லயும் முனை போய்ப் புதைஞ்சுது.

மூணாம் நாள் எடுத்தது 172 செ.மீ., இடுப்பு 82, திருப்ப ஆரம், அதாவது ஸ்கீயோட வடிவம் போடுற வளைவோட ஆரம், 15 மீட்டர். உள்ள மரக் கோர், அதை விறைப்பாக்கற முழு மெட்டல் ஷீட் கிடையாது. முனை மட்டும் லேசா மேல தூக்கியிருக்கும், அதுதான் ராக்கர், திருப்பத்துக்குள்ள சுலபமா நுழைய விடும். பூட்டுக்குக் கீழ கேம்பர், அதாவது தரையில வச்சா நடுப்பகுதி எழும்பி நிக்கும், நாம ஏறி நின்னதும் அமுங்கி எட்ஜ் முழு நீளத்துக்கும் பனியைக் கடிக்கும். அன்னைக்குக் காலையில ஒரு சரிவு முடிஞ்சு திரும்பிப் பார்த்தா பென்சில்ல கோடு போட்ட மாதிரி ரெண்டு மெல்லிசு தடம், எங்கேயும் சறுக்கித் தேய்ஞ்ச அடையாளமே இல்ல, அங்கேயே ரொம்ப நேரம் நின்னு பார்த்துட்டு இருந்தேன்.

இதுல பூட்டுக்கும் பங்கு உண்டு. அதுவரைக்கும் போட்டிருந்த பூட்ல குதிகால் தூக்கிட்டே இருந்துச்சு, ரெண்டாம் நாள் சாயங்காலம் 27.5 சைஸ்லேர்ந்து 26.5க்கு மாத்தினேன். பூட் லூஸா இருந்தா எவ்வளவு நல்ல ஸ்கீயும் நம்ம கால் சொல்றதைக் கேக்காது, அதனால காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா முதல்ல பூட் வாங்குங்க. பூட்டை ஸ்கீயோட பிடிச்சு வைக்கற பைண்டிங், விழறப்போ கழண்டுக்கற அளவை டெக்னீஷியன்தான் வைக்கணும், எடை, உயரம், வயசு, பூட் அடியோட நீளம், எப்படி ஓட்டுவோம்னு எல்லாம் கேப்பாங்க, அங்க திறமையைக் கூட்டிச் சொல்லிடாதீங்க, விழறப்போ ஸ்கீ கழலாம கால் முறுக்கிக்கும்.

நாலாம் நாளும் அதே 82ல ஓட்டிட்டு சாயங்காலமே வாங்கிட்டேன். அன்னைக்கு ராத்திரி பூரா பனி கொட்டி காலையில முழங்கால் வரைக்கும் புதுப் பனி, புது ஸ்கீ அதுல முங்க முங்க ரெண்டு ரவுண்டு இழுத்துப் பார்த்துட்டு வாடகைக் கடைக்குப் போய் முதல் நாள் எடுத்த அதே 100 மி.மீ. ஸ்கீயைக் கேட்டேன். முட்டியை நோகடிச்ச அதே ஜோடி அன்னைக்கு அப்படியே மிதந்துச்சு, லிஃப்ட் நிறுத்துற வரைக்கும் அதைக் கழட்ட மனசு வரல.