ரிப்போர்ட்டில் அம்மா ஆணாகிப் போன கதை

சுகர் இருப்பவர்களை வருடத்துக்கு ஒரு தடவையாவது கிட்னி டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள் இல்லையா, இந்த முறை அம்மாவுக்கு அதை முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ரத்தம் கொடுத்தது, சாயந்திரமே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது எல்லாம் சுமுகம். கிரியேட்டினின் (ரத்தத்தில் இருக்கும் ஒரு கழிவு) 1.1, இஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு) 76. அளவு மீறினால் போடுகிற தடித்த எழுத்து எங்கேயும் இல்லை, அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். டாக்டர்தான் போனில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "இது உங்க அம்மா ரிப்போர்ட்தானா?" என்றார். மேலே 62 வயது, ஆண் என்று இருந்தது. அம்மா பெயர் செல்வம் என்று முடியும். பில் போட்டவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை போல.

எழுத்துப்பிழைதானே என்று இதை விட முடியாது. இஜிஎஃப்ஆரை மெஷின் நேரடியாக அளப்பதில்லை. கிரியேட்டினின், வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்துப் போடுகிற கணக்கு அது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. பெண்களுக்குப் பொதுவாகத் தசை குறைவு என்பதால், அதே 1.1 ஒரு பெண்ணுக்கு வந்தால் கிட்னி வடிகட்டுவது குறைந்திருக்கிறது என்று கணக்கு சொல்லும். அந்தக் கணக்குக்கென 2021-இல் வந்த சிகேடி-எபி என்ற சூத்திரத்தில் பெண் என்று மாற்றியதும் 76 போய் 57 வந்தது. 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட கிட்னி நோய் என்பார்கள்.

லேபுக்குப் போனால், "சார், புதுசா பில் போட்டு மறுபடி பிளட் குடுக்கணும்" என்றார்கள். எதற்கு? ரத்தமும் அதேதான், கிரியேட்டினினும் அதேதான், மாற வேண்டியது ஒரே ஒரு எழுத்து. "சிஸ்டம் விடாது சார்" என்ற பதிலையே திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, உள்ளே இருந்த டெக்னீஷியனைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து உட்கார்ந்தார், சிஸ்டம் விட்டது. காசும் கேட்கவில்லை.

அதோடு முடிந்ததா என்றால், யூரின் பாக்கி. டாக்டர் எழுதியது ஏசிஆர், அதாவது யூரினில் ஆல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். லேபில் 'சுகர் பேக்கேஜ்' என்று சேர்த்துத் தள்ளியதில் இருந்தது வெறும் மைக்ரோ ஆல்புமின். சென்னை வெயிலுக்கு பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்கிற அம்மாவுக்கு யூரின் நீர்த்துப்போய், ஆல்புமினும் குறைவாகத்தான் காட்டும். அதே யூரினில் இருக்கும் கிரியேட்டினினால் வகுத்தால்தான் அந்தக் குழப்பம் போகும். அதனால் இன்னொரு நாள் காலை, முதல் யூரினைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ ஏறினோம். (காய்ச்சலோ யூரின் இன்ஃபெக்‌ஷனோ இருந்தால் இதைத் தள்ளிப் போடுங்கள், அளவு ஏறிக் காட்டும்.) ஏசிஆர் 48 வந்தது. 30-க்குள் இருக்க வேண்டும்.

சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினை டாக்டர் இப்போதைக்கு மாற்றவில்லை. இஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே போனால்தான் டோஸைப் பார்க்க வேண்டுமாம். முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரைக்குத்தான், கிட்னிக்கு ஆகாது என்று, முதல் தடை. அதில் அம்மாவுக்கு டாக்டர் மேல் கோபம், 57-ஐப் பற்றி அவ்வளவாக இல்லை.

மூன்று மாதம் கழித்து இரண்டையும் திரும்ப எடுக்க வேண்டும். ஒப்பிட வசதியாக அதே லேபில் எடுக்கச் சொல்லியிருக்கிறார். சரி, போகிறோம். ஆனால் பில் போடும்போது திரையை என் பக்கம் திருப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் காசு.