ஸ்டார்ச் நுரைத் தட்டில் கால்சியம் கார்பனேட்: செய்து பார்த்ததில் தெரிந்தவை

மட்கும் நுரை என்றதும் பிஎல்ஏ (மட்கும் பிளாஸ்டிக்) குருணை, அதை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் இயந்திரம் என்று இறங்கத் தேவையில்லை. ஸ்டார்ச் கலவையைச் சூடான அச்சில் சுட்டாலே போதும். நுரைக்க வைக்கத் தனி வாயு வேண்டாம். கலவையிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் பொங்கும்.

அளவு: உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 100 கிராம், 2 முதல் 5 மைக்ரான் கால்சியம் கார்பனேட் 10 கிராம், கலவையைக் கெட்டியாக்கும் குவார் கம் (கொத்தவரை விதைப் பசை) 1 கிராம், அச்சில் ஒட்டாமலிருக்க மெக்னீசியம் ஸ்டியரேட் 2 கிராம், தண்ணீர் 110 கிராம். தூள்களை முதலில் உலர்வாகவே கலக்க வேண்டும். குவார் கம்மை நேராகத் தண்ணீரில் கொட்டினால் கட்டிதட்டும், பிறகு எவ்வளவு அடித்தாலும் கரையாது. அதை விட்டுவிட்டாலும் சிக்கல்தான்: கார்பனேட்டும் ஸ்டார்ச்சும் பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும், முதல் தட்டும் கடைசித் தட்டும் வேறு வேறு பொருளாக வரும். கலவையில் சிட்ரிக் அமிலம் சேர்த்தால் கார்பனேட் உடனே பொங்கும். ஆனால் ஸ்டார்ச் இறுகுமுன்பே அந்த வாயு வெளியேறிவிடுவதால் பயனில்லை.

அச்சின் இரு தகடுகளும் 200 டிகிரி செல்சியஸ், இடைவெளி 3 மில்லிமீட்டர், ஓரத்தில் ஆவி வெளியேற மெல்லிய காடிகள். 100 மில்லிலிட்டர் கொள்ளளவுக்கு 35 கிராம் கலவையில் தொடங்கலாம். மூலை நிரம்பவில்லையென்றால் இரண்டு கிராம் கூட்டுங்கள்.

நேரம் இரண்டரை நிமிடம் என்று சொல்லலாம். ஆனால் கடிகாரத்தைவிடக் காது நம்பகமானது. மூடியதும் காடிகளில் ஆவி சீறும், ஓரத்தில் கலவை பிதுங்கும். மெல்ல அந்தச் சீற்றம் அடங்கும். அடங்கிய பிறகும் 15 விநாடி பொறுத்துத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே மிச்சமுள்ள ஆவி தட்டை நடுவில் இரண்டாகப் பிளந்துவிடும், முகத்துக்கும் ஆபத்து. அதிகம் தாமதித்தால் பழுப்பேறும்.

சுட்ட தட்டை உடைத்துப் பாருங்கள். வெளியே அடர்ந்த தோல், உள்ளே பெரிய பெரிய அறைகள். கார்பனேட் சேர்த்தால் குமிழ்கள் தொடங்கும் இடங்கள் கூடுவதால் அறைகள் சிறுக்கும். ஆனால் கலவை கெட்டியாகும். 20 கிராமைத் தாண்டும்போது தண்ணீரும் கூட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் பொங்காது.

அச்சிலிருந்து எடுத்த சூட்டில் வலிமையைச் சோதிக்க வேண்டாம். ஈரமே இல்லாததால் கைபட்டாலே நொறுங்கும். மூடிய டப்பாவில், நிறைவுற்ற மெக்னீசியம் நைட்ரேட் கரைசல் உள்ள கிண்ணத்தோடு மூன்று நாள் வையுங்கள். 25 டிகிரியில் உள்ளே ஈரப்பதம் சுமார் 53 சதவீதத்தில் நிற்கும்.

“நிரப்பி (இங்கே கார்பனேட்) சேர்த்ததும் வலு கூடியது” என்பதில் பெரும்பாலும் ஒரு கணக்குப் பிழை இருக்கும். கார்பனேட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், ஸ்டார்ச்சுக்கு 1.5, ஆகவே 100 கிராம் ஸ்டார்ச்சுக்கு 10 கிராம் போட்டால் திடப்பொருளின் கன அளவில் அது 5 சதவீதம்தான். அதேசமயம் நுரை குறைவாகப் பொங்கி, தட்டு கனத்துவிடும். கனத்த தட்டு எப்படியும் வலுவாகத்தான் இருக்கும். எனவே கார்பனேட் இல்லாத கலவையையும் அளவு கூட்டிச் சுட்டு, இரண்டையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்த பிறகே வளைத்துப் பாருங்கள்.